மேவிஸின் வலது கால்

மேவிஸ் என்ற பெயரை ஜாய்ஸ் முதன்முதலில் கேட்ட அன்று ஒரு கோப்பை உடைந்தது. அறுபத்தொன்பதாம் வருடம், நவம்பர். கட்டிக்கொள்ளப் போகிற பெண் இவள்தான் என்று அம்மாவிடம் காட்ட ரான் அவளைக் கூட்டி வந்திருந்தான். ஜாய்ஸ் நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து, கேக்கைச் சிந்தாமல் தின்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது மாடியில் தொம் என்று ஒரு சத்தம். அலமாரிக் கொக்கியில் தொங்கிய கோப்பை கழன்று விழுந்து இரண்டாகப் போயிற்று. ஜாய்ஸ் துள்ளி எழுந்துவிட்டாள். மாமியாராகப் போகிறவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உக்காரும்மா, இடி இல்ல. மேல எங்க மேவிஸ். ரேடியோவுல பாடுறவன் அவசரப்படுறானாம். மிதிச்சு அடக்குறா."

கொஞ்ச நேரத்தில் அந்த இடி படியிறங்கி வந்தது. ரானின் தங்கை. இருபது வயது, குச்சி போன்ற உடம்பு, மாவு நிறத் தலைமுடி. கால் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் இருந்தது. ஜாய்ஸுக்கு உறவுமுறைகள் விரல்நுனியில் நிற்கும். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டாள். ரானின் அப்பாவுக்கு அப்பா ஆர்தர் ஹாக்லி, தேம்ஸில் பாய்மரப் படகு ஓட்டியவர். அவர் தங்கை எடித், பெருவெள்ளத்தில் கதவை உதைத்துத் திறந்து ஏழு பேரை வெளியே விட்டவள். எடித்தின் மகள்வழிப் பேரன்தான் இப்போது பாலத்துப் பக்கம் மீன் வறுக்கிற டெனிஸ். அத்தனை பேருக்கும் அதே பாதம். ஆண்களுக்கு இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. மேவிஸுக்கு இருந்ததால் ஊர் கவனித்தது.

அந்த வருடமே மேவிஸ் 'சாம்பல் நாரை' பப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். அவர்கள் ஊர் தேம்ஸ் கடலில் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தீவு; அதைச் சுற்றிக் கடல்நீர் வராமல் தடுக்கிற கரைச்சுவர் இருக்கிறது. இந்த பப் அந்தச் சுவருக்கு வெளியே, மரத்தூண்களின் மேல், முகத்துவாரத்துச் சேற்றில் நிற்கிறது. கடல் ஏறினால் தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் தளும்பும். வற்றினால் பலகைக்குக் கீழே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு வெறும் காற்று. மற்ற பப்புகளில் கடை மூடும் நேரத்துக்கு மணி அடிப்பார்கள். இங்கே மணி கிடையாது. எந்தக் காலத்திலோ எவனோ ஒரு மாலுமி கழற்றிக்கொண்டு போய்விட்டான். மேவிஸ் கல்லாவுக்குப் பக்கத்துப் பலகையில் மூன்று முறை மிதிப்பாள். "மிதி விழுந்துருச்சு, கெளம்புங்கடா" என்று குடிகாரர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எழுந்து போவார்கள். வலது காலில் எண்ணெய்க் கிடங்குக்காரர்கள் போடுகிற இரும்பு முனை பூட்ஸ், இடது காலில் வீட்டுச் செருப்பு. "ஒரு கால் வேலைக்கு, ஒரு கால் வீட்டுக்கு" என்பாள்.

மேவிஸுக்கு உலகத்தில் ஆகாத ஒன்று அவசரம். முட்டை வேக வைக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பாள். பாட்டு முடிந்தால் முட்டை வெந்தது. வினிகரும் வெள்ளை மிளகும் தூவிய மட்டிக்கறியை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்தித் தின்பாள். அந்த நேரத்தில் ராஜாவே வந்து பியர் கேட்டாலும் நிற்க வேண்டும். மாதா கோயிலில் புதிதாக வந்த பாதிரியார் துதிப்பாடலை ஓட்டிக்கொண்டு போனபோது, இவள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மிதி. பாதிரியார் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, பிறகு திறந்து, பிறகு நிதானமாகப் பாடினார். இரண்டு தடவை அவளுக்கு நிச்சயம் ஆயிற்று. இரண்டு மாப்பிள்ளைகளையும் அவளே வேண்டாம் என்றாள். ஏன் என்று ஜாய்ஸ் கேட்டதற்கு, "கூட நடந்து பாத்தேன். ரெண்டு பேருமே பஸ்ஸைப் புடிக்கப் போறவன் மாதிரி நடக்குறானுங்க" என்றாள்.

இனி இசைத்தட்டுக் கதைக்கு வர வேண்டும்.

கப்பல் போகிற வழியில் சேறு அடையாமல் வாரிக் கொட்டுகிற கப்பலில் ரானும் அவன் கூட்டாளிகள் மூவரும் வேலை செய்தார்கள். சேர்ந்து பாடத் தொடங்கியபோது தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அதுவே: சேறுவாரிகள். ரான் கிட்டார். கெவ் பாட்டும் மௌத் ஆர்கனும். கிளைவ் டிரம்ஸ். நான்காமவன் வாசித்த கிட்டார் எப்போதும் அடியில் உறுமிக்கொண்டிருக்கும். பாடியது ரிதம் அண்ட் புளூஸ், அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் பெற்று வளர்த்த பாட்டு. இவர்கள் கையில் வந்ததும் அது எசெக்ஸ் சேற்றைப் பூசிக்கொண்டது. ஊரெல்லாம் பட்டுத்துணி மாதிரிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சாக்குத்துணி மாதிரிப் பாடினார்கள்.

எழுபத்து நான்கு மார்ச்சில் ஒரு மதியம், 'சாம்பல் நாரை'யின் பின்னறையில், இரவல் வாங்கிய டேப் மெஷினில் ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். டிரம்ஸ் இருந்தது, கிளைவ் இல்லை.

"எங்கடா அவன்?" என்று ரான் கேட்டான்.

"பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சாம். ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டான்" என்றான் கெவ். "ஆறு மணிக்கு மெஷினைத் திருப்பிக் குடுக்கணும். அவன் இல்லாம ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் இல்லாத பாட்டு கடிவாளம் இல்லாத குதிரை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடினார்கள். மேவிஸ் காலிக் கிளாஸ்கள் எடுக்கத் தட்டோடு உள்ளே வந்தாள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள்.

"எங்கடா ஓடுறீங்க? வீடு என்ன தீப்பிடிச்சா எரியுது?"

சொல்லிவிட்டு, தட்டைக் கையில் வைத்தபடியே, ஆடிக்கொண்டிருந்த ஒரு பலகையில் மிதித்தாள். தொம். வெளியே கடல் வற்றியிருந்தது. தரைக்கு அடியில் வெறும் காற்று. மிதி பீப்பாய்க்குள் விழுந்த மாதிரி முழங்கியது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தின் பின்னால் வந்து வரிசையாக நின்றார்கள். ஒன்பது பாட்டுக்கும் அவளே மிதித்தாள். தட்டைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அந்த இசைத்தட்டைப் போட்டால் தொம் என்ற ஒவ்வொரு சத்தத்துக்குப் பின்னாலும் கிளாஸ்கள் கிணுகிணுப்பது கேட்கும். டோக்கியோவிலும் பில்பாவோவிலும் ஆட்கள் அது என்ன வாத்தியம் என்று சண்டை போட்டுக்கொண்டார்களாம்.

இசைத்தட்டின் உறையில் 'டிரம்ஸ்: கிளைவ்' என்று அச்சாகிவிட்டது. ஜாய்ஸுக்கு ஆறவில்லை. நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள்.

"அவன் பேரு இருந்துட்டுப் போகட்டும் விடு ஜாய்ஸ். அன்னிக்குப் புள்ள பொறந்தது அவன் வீட்டுல. நான் கிளாஸ் எடுக்கத்தானே போனேன்" என்றாள் மேவிஸ்.

அதோடு சரி. அவள் அந்த இசைத்தட்டை வாங்கவும் இல்லை. போட்டுக் கேட்க அவளிடம் பெட்டியும் இல்லை.

சேறுவாரிகளுக்குப் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். மினுக்குச் சட்டைக்காரர்கள், கண்மை பூசியவர்கள், மெஷினைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் சும்மா நின்றவர்கள். ஆனால் வருடா வருடம் மே மாதத்தில், திங்கட்கிழமையும் விடுமுறையாக வரும் அந்த ஞாயிறன்று, 'சாம்பல் நாரை'க்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. அன்று சேறுவாரிகள் அந்த ஒன்பது பாட்டுகளையும் இசைத்தட்டில் உள்ள வரிசை மாறாமல் வாசிப்பார்கள். ரான் போய் ஆறு வருடம் ஆயிற்று. கிளைவும் நான்காமவனும் அதற்கும் முன்னால். பழைய ஆளில் மிச்சம் கெவ் மட்டும், வயது எழுபத்தாறு, நெஞ்சில் சளி. கிட்டார்களுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். டிரம்ஸுக்கு ஆள் வைப்பதே இல்லை. மேவிஸ் மிதிப்பாள்.

ஃபின்லாந்திலிருந்து யோர்மா என்று ஒருவர் முப்பத்தைந்து வருடமாக வருகிறார். கப்பல் பட்டறையில் வெல்டர், இப்போது ஓய்வு. உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒரு பொட்டலம் மேவிஸுக்குக் கொண்டு வருவார். அவள் ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்து, "இன்னும் நல்லா வரல கண்ணு, அடுத்த வருசம் பாப்போம்" என்பாள். ஒரு முறை ஜாய்ஸ் அவரிடம் வாய்விட்டே கேட்டாள்: இவ்வளவு தூரம் செலவழித்து வருகிறீர்களே, அப்படி என்ன இருக்கிறது இந்தப் பாட்டில்?

யோர்மா யோசித்து யோசித்துச் சொன்னார். "எங்க ஊர்ல ஆறு மாசம் இருட்டு. காலைல பூட்ஸ் மாட்டக் கால் வராது. இந்தத் தட்டைப் போட்டா வரும்."

கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த மேவிஸ், "அதுல ஒண்ணும் மந்திரம் இல்ல" என்றாள். "வேலை முடிஞ்சு ஒருத்தன் பூட்ஸோட வீட்டுக்குள்ள வர்ற சத்தம் அது. எந்த ஊர்க்காரனுக்குத்தான் அந்தச் சத்தம் புடிக்காது?"

இந்த ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை, கடல்தான் முடிவு செய்யும். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்தில் தொடங்க வேண்டும். அடுத்த இரண்டு மணி நேரம் தரைக்கு அடியில் காற்று இருக்கும், மிதி முழங்கும். அதற்குள் ஒன்பது பாட்டும் முடிந்துவிடும். தண்ணீர் தூண்களுக்குள் வந்துவிட்டால் பலகை ஊமையாகிவிடும். கடல் ஏறி இறங்கும் நேரங்களைப் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று கல்லாப் பக்கத்து ஆணியில் தொங்கும். 'தண்ணிப் புத்தகம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. வசந்தம் வந்ததும் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும், புத்தகம் தள்ளாது. ஆகவே அதில் இருக்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். தீவில் இது நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். மேவிஸ் ஐம்பது வருடமாக மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்வாள். தண்ணீர் விஷயத்தில் அவள் சொன்ன பிறகு புத்தகத்தைப் புரட்டுகிறவன் யாரும் கிடையாது.

இந்த வருடம் பிப்ரவரியில் மேவிஸின் வலது முழங்கால் போயிற்று. ஐம்பத்தைந்து வருடம் மிதித்தால் இரும்பே தேயும். ஆஸ்பத்திரியில் புதிதாக ஒன்றை வைத்துத் தைத்தார்கள். நடை பழக்க வந்த பெண், "நடங்க, நடங்க, இன்னும் வேகமா" என்று உற்சாகப்படுத்தினாளாம். "ஏன் கண்ணு, கடை மூடப் போறாங்களா?" என்று மேவிஸ் கேட்டாளாம். மூன்றாம் நாள் புது முழங்கால் எப்படி என்று பார்க்கத் தரையில் ஒன்று வைத்தாள். அலமாரி சாய்ந்துவிட்டது என்று நினைத்து நர்சுகள் இருவர் ஓடி வந்தார்கள். ஆனால் அந்த ஒரு மிதிக்கு இரண்டு நாள் வலித்தது என்பதை ஜாய்ஸிடம் மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பப்பை ட்ரிஸ்டன் என்பவன் எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தான். லண்டன்காரன், சீவிய தாடி, மரியாதையான ஆள். மேவிஸ் வீடு திரும்பியதும் பூவும் கையுமாக வந்தான். கூடவே ஒரு பெட்டி. ஒரு ரொட்டி அளவுதான் இருந்தது. மேலே ஒரு பொத்தான். அமுக்கினால் தொம். கூடவே கிளாஸ்களின் கிணுகிணுப்பும்.

"அந்த இசைத்தட்டுலருந்தே எடுத்தது மேவிஸ். உங்க கால்தான். இருபத்தஞ்சு வயசுல மிதிச்சது" என்றான். "இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம். பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க."

மேவிஸ் ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். இன்னொரு முறை அமுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரைப் பாத்து மிதிக்குது?"

ட்ரிஸ்டனுக்குப் புரியவில்லை. ஜாய்ஸுக்குமே அப்போது புரியவில்லை.

"உன் மனசு எனக்குத் தெரியுது கண்ணு" என்றாள் மேவிஸ். "இந்த வருசம் நான் மிதிச்சுக் காட்டுறேன். ஒம்பது பாட்டுக்கும் சத்தம் வந்தா நான். நடுவுல நின்னுச்சுன்னா அன்னிலருந்து உன் ரொட்டிப் பெட்டி. சரியா?"

கை குலுக்கிக்கொண்டார்கள். அன்று ராத்திரி ஜாய்ஸுக்குத் தூக்கம் வரவில்லை. ஹாக்லி வீட்டு ஆட்கள் கை குலுக்கினால் குலுக்கினதுதான். ஆர்தர் தாத்தா கை குலுக்கி ஒரு படகையே இழந்தவர்.

டிக்கெட்டுகளை இந்தத் தடவை கணினியில் விற்க வேண்டும், முன்கூட்டியே நேரம் வேண்டும் என்று ட்ரிஸ்டன் கேட்டிருந்தான். இது கை குலுக்குவதற்கு முன்னால்; மேவிஸ் அப்போது இன்னும் ஆஸ்பத்திரியில். ஜாய்ஸை பப்புக்கு அனுப்பித் தண்ணிப் புத்தகத்தைப் பார்த்துப் போனில் சொல்லச் சொன்னாள். ஜாய்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அடிமட்டம், பகல் ஒன்று. பொறுப்பான மனுஷி, ஒரு மணி நேரத்தைக் கூட்டினாள். "ரெண்டு மேவிஸ்" என்றாள். மேவிஸோ, ஜாய்ஸ் புத்தகத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறாள் என்று நினைத்து, தானும் ஒரு மணி நேரத்தைக் கூட்டினாள். "மூணுன்னு போட்டுக்கோ" என்று ட்ரிஸ்டனுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் கணக்கும் சரி. சேர்ந்தபோது தப்பு.

அந்த ஞாயிறு மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது ஜாய்ஸ் கரைச்சுவர்ப் படியில் ஏறினாள். ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஓடையில் நங்கூரம் போட்டிருந்த படகுகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன. கடல் உள்ளே ஏறும்போதுதான் படகுகள் அப்படி நிற்கும். சேற்றில் இரை பொறுக்குகிற பறவைகளும் சுவருக்குப் பக்கமாக ஒதுங்கிவிட்டன. தண்ணீர் திரும்பி ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. போனில் தான் சொன்ன 'ரெண்டு', மேவிஸ் சொன்ன 'மூணு', இரண்டும் அப்போதுதான் அவள் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

உள்ளே நூற்றிருபது பேர். மேவிஸ் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் குனிந்து அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

மேவிஸ் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நீயும் கூட்டுனியா? நானும் கூட்டுனேன்டி! அவசரமே ஆகாதுன்னு சொல்றவ, ஒரு மணி நேரம் லேட்டா வந்து நிக்கிறேன் பாரு!"

"சிரிக்காத மேவிஸ். நாலு மணிக்குத் தண்ணி வந்துரும். பாதிப் பாட்டுல பலகை ஊமையாகிரும். நீ கை குலுக்கிருக்க."

பக்கத்தில் நின்ற கெவ்வுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "கடைசிப் பாட்டை முதல்ல பாடிருவமா? ஜனங்க காத்திருக்கிறது அதுக்குத்தானே" என்றான்.

"புட்டிங்கைத் தின்னுட்டு அப்புறம் சூப்பா குடிப்ப? தட்டுல எப்படி இருக்கோ அப்படியே பாடு" என்றாள் மேவிஸ்.

தொடங்கவும் இன்னும் தாமதமாயிற்று. யோர்மாவும் அவர் ஊர்க்காரர்களும் வந்த பஸ் தீவுப் பாலத்தில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அவர்கள் இல்லாமல் ஆரம்பிக்க மேவிஸ் சம்மதிக்கவில்லை.

முதல் ஐந்து பாட்டுகள் வெண்ணெய் மாதிரிப் போயின. புது முழங்கால் பழசைவிட நன்றாகவே வேலை செய்தது. தொம், தொம் என்று கூரை வரை ஏறியது சத்தம். ஜாய்ஸ் பாட்டைக் கேட்கவே இல்லை. கடல்பக்க ஜன்னல் வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது பாட்டில் தூண்களுக்குள் முதல் அலை வந்து நக்கியது. ஏழாவதில் மேவிஸின் மிதி டப் டப் என்று ஈரத்துணியைத் துவைக்கிற சத்தமாயிற்று. எட்டாவதில் அதுவும் இல்லை. அவள் மிதிக்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். பலகை வாய் திறக்கவில்லை.

எட்டாவது பாட்டு எப்படியோ தள்ளாடி முடிந்தது. மேவிஸ் ட்ரிஸ்டனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா சொன்னதுதான். அமுக்கு கண்ணு" என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசிப் பாட்டு 'ஷிஃப்ட் முடிஞ்சாச்சு'. இதற்காகத்தான் ஜனங்கள் கடல் தாண்டி வருவது. ட்ரிஸ்டன் பெட்டியைத் தட்டிவிட்டான். தொம், தொம், தொம். நல்ல சத்தம், இளமையான சத்தம். கெவ் ஒரு அடி பாடினான், இரண்டாவது அடியின் நடுவில் மூச்சு வாங்க நின்றான். பெட்டி நிற்கவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் பெட்டி இரண்டு மிதி முன்னால் போய்விட்டது. அவன் ஓடிப் பிடித்தான், மறுபடி விட்டான். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற கிழவன் மாதிரி ஓடினான். இருமல் வந்தது. பாட்டு நின்றது. பெட்டி மட்டும் யாருக்காகவும் இல்லாமல் தொம் தொம் என்று போய்க்கொண்டிருந்தது.

யாரைப் பாத்து மிதிக்குது என்று மேவிஸ் கேட்டதற்கு ஜாய்ஸுக்கு அப்போது அர்த்தம் புரிந்தது. இத்தனை வருடமாக மேவிஸ் மிதிக்கும்போது அவள் கண் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கெவ்வின் தோளில். தோள் ஏறினால் மூச்சு வாங்குகிறான். ஒரு இமைப்பொழுது காலைத் தூக்கியே வைத்திருப்பாள். தோள் இறங்கினால் மிதி. மற்றவர்களை அடக்குகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

ஜாய்ஸ் போய் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்தாள்.

"எந்திரி."

"எங்க?"

"வெளிய. ரானோட படகு."

மேவிஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பின்ஜன்னலுக்குக் கை எட்டும் தூரத்தில், கரைச்சுவரின் மேல், ரானின் சின்ன மரப்படகு ஆறு வருடமாக, அடியில் வெறும் காற்றோடு, கவிழ்ந்து கிடக்கிறது. விற்கச் சொன்னார்கள், ஜாய்ஸ் விற்கவில்லை. மீன் வறுக்கிற டெனிஸ் ஒரு நாள் அதன் மேல் தன் வாளியை வைத்துவிட்டான் என்று நான்கு மாதம் அவனோடு பேசவில்லை; சிப்ஸ் வாங்கக்கூட அடுத்த ஊருக்குப் போனாள்.

"அதுலயா? பூட்ஸோடயா?"

"பூட்ஸோடதான். செருப்புல மிதிச்சா ரானுக்குக் கேக்காது. ஏறு."

கூட்டம் வழி விட்டது. நடக்கும்போது மேவிஸ் ஒன்று சொன்னாள்: "ட்ரிஸ்டன் கிட்ட நான் தோத்துட்டேன் ஜாய்ஸ். கை குடுத்தாச்சு."

"பலகை நின்னுச்சு. கால் நிக்கல. நீ கை குலுக்குனது காலை வச்சுத்தானே" என்றாள் ஜாய்ஸ்.

ட்ரிஸ்டன் பின்னாலேயே வந்தான். அவன் கையில் மைக்கும் வயரும். ஜன்னலை மேலே தூக்கி வயரை வெளியே விட்டான். பழைய ஜன்னல், கையை எடுத்தால் கத்தி மாதிரிக் கீழே இறங்கியது. அங்குமிங்கும் பார்த்தான். பிறகு அந்த ரொட்டிப் பெட்டியையே எடுத்து நிறுத்தி வைத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தான்.

"சரியான ஒசரம்" என்றார் யோர்மா. கூட்டம் சிரித்தது. ட்ரிஸ்டனும் சிரித்தான்.

மேவிஸ் படகின் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கெவ்வின் தோள் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு வலது குதிகாலைப் பலகையில் போட்டாள். தொம். பழைய சத்தம் இல்லை இது. அதைவிடக் கனம், தார் வாசனை அடிக்கிற சத்தம்.

"ஓடாத கெவ்! நான் எங்கயும் போகல!" என்று மேவிஸ் கத்தினாள்.

'ஷிஃப்ட் முடிஞ்சாச்சு' முழுசாக நடந்தது. மூன்றாவது அடியில் கெவ்வுக்கு இருமல் வந்தது. குதிகால் அந்தரத்தில் நின்றது. அவன் இருமி முடித்து, பியரில் ஒரு வாய் குடித்து, வாயைத் துடைத்துக்கொள்ளும்வரை நின்றது. ஐம்பது வருடமாகத் தட்டில் இல்லாத அந்த இடைவெளியை யாரும் குறை சொல்லவில்லை. தோள் இறங்கியது. தொம். அவன் பாடினான்.

அதற்குப் பிறகு அந்தப் படகை யாரும் நகர்த்தவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு அடையாளம் சொல்வதும் சுலபமாகிவிட்டது. மேவிஸ் இப்போது கரைச்சுவரின் மேல், அண்ணனுடைய படகில், மடியில் மட்டிக்கறித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஜாய்ஸுக்கு இடம் விட்டிருக்கிறாள்.